12 − 5 + 3 எப்படி 4 ஆகிறது? போட்மாஸ் கணக்கில் பார்த்த தப்புகளை இங்கே பகிரலாம்

ஆறாம் வகுப்பு கணக்கு ஆசிரியர்

நோட்டு திருத்தும்போது அதிகம் கண்ணில் படுவது தலைப்பில் உள்ள கணக்குதான். விடை 10. 4 என்று எழுதிய பிள்ளையைக் கவனமில்லை என்று திட்டிப் பயனில்லை, சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறது. போட்மாஸ் (BODMAS) என்பது எதை முதலில் செய்வது என்று நினைவில் வைக்கும் சொல்: அடைப்பு, 'இல்' (of), வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். அதில் கூட்டலின் எழுத்து முன்னால், கழித்தலின் எழுத்து பின்னால். எனவே முதலில் 5 + 3, பிறகு 12 − 8. கூட்டலும் கழித்தலும் ஒரே படி, இடமிருந்து வலம் வரும்போது எது முதலில் வருகிறதோ அதைச் செய் என்பது அந்த ஆறு எழுத்துக்குள் இல்லை.

பெருக்கல், வகுத்தலுக்கும் அதே விதிதான். ஆனால் அங்கே தப்பு வெளியே தெரியாது. வகுத்தலையெல்லாம் முதலில் முடித்தாலும் விடை மாறுவதில்லை: 5 × 12 ÷ 4 எப்படிப் போட்டாலும் 15. இதனால் எழுத்து வரிசையே விதி என்று பிள்ளை நம்பிவிடுகிறது, கூட்டலில் வந்து மாட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் சொல்லித்தரும் பெம்டாஸில் பெருக்கல் முன்னால் நிற்கும். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் 24 ÷ 4 × 3 என்பது 18-க்குப் பதில் 2 ஆகிவிடும்.

எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கணக்கு போதும்:

18 − 6 ÷ 3 × 2 + 5
= 18 − 2 × 2 + 5
= 18 − 4 + 5
= 14 + 5
= 19

9 வந்தால் கூட்டலை முந்தவிட்டிருக்கிறது. 22 வந்தால் 3 × 2-ஐ முதலில் பெருக்கியிருக்கிறது. 13 என்றால் விதியே தெரியாமல் வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு வரிக்கு ஒரு செயல்; செய்யப்போவதன் கீழே கோடு; மீதியைக் குறியோடு அப்படியே கீழே இறக்க வேண்டும். இரண்டு செயலை ஒரே வரியில் முடிக்கும் 'கெட்டிக்கார' நோட்டில்தான் குறி தொலைகிறது.

டியூஷன் எடுப்பவர்

அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் பாதிப் பேர் விழுகிறார்கள். 20 − (6 − 2) என்பதை 20 − 6 − 2 என்று பிரித்து 12 எழுதுவார்கள். விடை 16. உள்ளே இருப்பவை எண்களாக இருக்கும்வரை அடைப்பைப் பிரிக்கவே விடாதீர்கள், உள்ளே முடித்துவிட்டு வெளியே வரட்டும்.

ஏன் பெருக்கல் முதலில் என்று கேட்கும் பிள்ளைக்கு டீக்கடை பில் போதும். 10 ரூபாய் வடை ஒன்று, 12 ரூபாய் டீ இரண்டு: 10 + 2 × 12. வரிசையாகப் போட்டால் 144 ரூபாய். எந்தக் கடைக்காரரும் அப்படிக் கேட்கமாட்டார், 34தான்.

கணக்கு எழுதுபவர்

அந்த 144-ஐக் கேட்கிற ஆள் ஒருவர் உண்டு: கடை மேசையில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர். அழுத்திய வரிசையிலேயே போட்டுக்கொண்டு போகும். 2 × 12 அழுத்தி எம் பிளஸ் (M+, நினைவில் கூட்டிவைக்கும் பொத்தான்), 10 அழுத்தி எம் பிளஸ், கடைசியில் எம்ஆர் (MR, நினைவில் இருப்பதைக் காட்டும் பொத்தான்) என்றால் 34 வரும். விண்டோஸ் கால்குலேட்டரும் ஸ்டாண்டர்டில் 144, சயின்டிஃபிக்கில் 34 காட்டும்.

எக்செலில் வேறு வம்பு. =-3^2 என்று அடித்தால் (^ என்பது அடுக்குக் குறி) 9 வரும். கணக்குப் புத்தகப்படி அடுக்கு முதலில், விடை −9. ஆனால் =0-3^2 என்றால் எக்செலும் −9 என்றே சொல்லும். எண்ணோடு ஒட்டிய குறிக்கு அது அடுக்கைவிட முன்னுரிமை தருகிறது. =-(3^2) என்று அடித்துவிட்டால் குழப்பமில்லை.

போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பவர்

போட்மாஸின் இரண்டாவது எழுத்தை, அதாவது 'இல்' (of) என்பதை, யாரும் தொடவில்லையே. 12 ÷ (6-இல் பாதி) என்றால் 4. அதையே 12 ÷ ½ × 6 என்று மாற்றி எழுதினால் 144. 'இல்' என்பது பெருக்கல்தான், ஆனால் வகுத்தலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய பெருக்கல். சுருக்குக வினாக்களில் இந்தத் தப்பு விடையும் கொடுத்த நான்கில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

2019-இல் இணையத்தில் சண்டை மூட்டிய 8 ÷ 2(2 + 2)-ஐ வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். பள்ளி விதிப்படி 16. ஒட்டி எழுதிய 2(2 + 2)-ஐ ஒரே உறுப்பாக எடுப்பவர்களுக்கு 1, சில சயின்டிஃபிக் கால்குலேட்டர்களும் அந்தக் கட்சி. அது எழுதியவர் தப்பு. 8 மேலே, 2(2 + 2) கீழே என்று பின்னமாக எழுதியிருந்தால் சண்டையே இல்லை.