டாம் அண்ட் ஜெர்ரி வாங்கிய 7 ஆஸ்கர்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

செந்தில் சித்தப்பா: காலையிலிருந்து கவின் டாம் அண்ட் ஜெர்ரியை விட்டு எழுந்திருக்கவில்லை. கேட்டால், அது 7 ஆஸ்கர் வாங்கியது என்கிறான். மீனா, நீ அனிமேஷன் வேலை செய்பவள், நீ சொல்லு, உண்மையா?

மீனா: உண்மைதான் சித்தப்பா. 1943லிருந்து 1952 வரையிலான ஆண்டுகளுக்கான ஆஸ்கரில் 7 படங்களுக்குக் கிடைத்தது.

கல்பனா அத்தை: கார்ட்டூனுக்கெல்லாம் அப்போதே ஆஸ்கர் உண்டா?

மீனா: 1932லேயே ஆரம்பித்துவிட்டார்கள் அத்தை, குறும்படத்துக்கு மட்டும். முதல் பரிசு வால்ட் டிஸ்னிக்கு. மரமும் பூவும் ஆடுகிற ஒரு வண்ணப் படம். முழுநீளக் கார்ட்டூன் படத்துக்கு அப்போது தனிப் பரிசே கிடையாது. அதனால் ஸ்னோ ஒயிட்டுக்கு 1939இல் கௌரவ விருதாக ஒரு பெரிய சிலையும் 7 குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். கொடுத்தது குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். அப்போது அவருக்கு 10 வயது.

கவின்: என் வயசு!! அக்கா, டாம் அண்ட் ஜெர்ரி ஆஸ்கரை யார் வாங்கினாங்க?

மீனா: அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் கவின். டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இரண்டு பேர். இயக்கியதும் அவர்களேதான். ஆனால் அந்தப் பரிசு தயாரிப்பாளருக்குத்தான் போகும். அதனால் 7 சிலையும் எம்ஜிஎம் என்ற பட நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவுத் தலைவர் ஃபிரெட் குவிம்பி பெயருக்குப் போயின.

கல்பனா அத்தை: ஏழுமா? வரைந்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லையா?

மீனா: ஒன்றுகூட இல்லை அத்தை.

தாத்தா: டாம் கோட்டு போட்டுக்கொண்டு பியானோ வாசிக்கும். எலி உள்ளே படுத்துத் தூங்கும். அதற்கும் உண்டா?

மீனா: உண்டு தாத்தா, 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர். கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? வாசித்து வாசித்து டாம் துவண்டு விழுந்துவிடும். கைதட்டும்போது ஜெர்ரி வந்து தலை வணங்கும், விளக்கு வெளிச்சமும் அதன் மேல்தான் விழும். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு ஹன்னாவும் பார்பெராவும்தான் நினைவுக்கு வருவார்கள்.

செந்தில் சித்தப்பா: அப்புறம் யாருமே கேட்கவில்லையா?

மீனா: கேட்டார் ஒரு அம்மா. ஜூன் ஃபோரே. கவின், ட்வீட்டி கார்ட்டூனில் வருகிற பாட்டியின் குரல் அவருடையதுதான். அனிமேஷன்காரர்களுக்கென்றே தனி விழா வேண்டும் என்று அவர் யோசனை சொல்லித்தான் 1972இல் ஆனி விருது தொடங்கியது. முதல் வருஷம் பாப்பாயைத் திரைக்குக் கொண்டுவந்த ஃபிளைஷர் சகோதரர்களைக் கௌரவித்தார்கள். பல வருஷம் இப்படி மனிதர்களுக்குத்தான் மரியாதை. சிறந்த படம் என்ற பரிசு 1992இல்தான் வந்தது. இன்றைக்குப் பாத்திரத்தை நடிக்க வைப்பவர், காட்சிச் சூழலை வடிவமைப்பவர், காட்சிகளை முன்கூட்டியே வரைந்து கதைப் பலகை போடுபவர் எல்லோருக்கும் தனித்தனிப் பரிசு இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஆஸ்கரைவிட அதுதான் பெரிசு.

செந்தில் சித்தப்பா: ஆஸ்கரில் முழுநீளப் படத்துக்கு எப்போது?

மீனா: 2002இல். அதற்காகவும் ஜூன் ஃபோரே ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியில் ரொம்ப நாள் போராடினார். முதலில் வென்றது ஷ்ரெக். அந்தச் சிலையும் தயாரிப்பாளர் கைக்குத்தான் போனது. அடுத்த வருஷம் ஜப்பானின் மியாசாகி வாங்கினார், அவர் இயக்குநர். 2025இல் லாட்வியாவிலிருந்து வந்த ஃபுளோ வென்றது. வசனமே இல்லாத படம், நாயகன் ஒரு பூனை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. என் மேஜையிலும் அதுதான் ஓடுகிறது தாத்தா.

கவின்: மறுபடியும் பூனையா!! நாளைக்குப் போடுங்கக்கா

கல்பனா அத்தை: மீனா, போன மாசம் நீ அனுப்பிய தொடரைக் கடைசி வரை பார்த்தேன். பெயர் ஓடியபோது உன் பெயரைக் காணோமே. கேட்க வேண்டாம் என்று இருந்தேன்.

மீனா: போடவில்லை அத்தை. நாங்கள் 11 பேர் 8 மாதம் வேலை செய்தோம். "அனிமேஷன் குழு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

செந்தில் சித்தப்பா: எங்களிடம் சொல்லியிருக்கலாமே அம்மா.

தாத்தா: நீ செய்தது எந்த இடம்?

மீனா: இரண்டாம் பகுதி தாத்தா, நாலாவது நிமிடம். அந்தப் பெண் கிணற்றில் தண்ணீர் இறைப்பாள். 9 விநாடிதான் வரும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

தாத்தா: இரு.

தாத்தா: பார்த்துவிட்டேன். வாளி மேலே வரவர அவள் கால் விரல்களை ஊன்றிக்கொள்கிறாள். உன் பாட்டி அப்படித்தான் இறைப்பாள்.

மீனா: பாட்டியைப் பார்த்துத்தான் வரைந்தேன் தாத்தா.

தாத்தா: இன்னொரு தடவை போடுகிறேன். கல்பனா, அம்மாவைக் கூப்பிடு.