பிடிபட்ட ஹார்பி பாடலாமா? கிராப்பிள் விதியைப் பற்றி ஓர் ஐயம்

கோட்டைவாசல் எழுதியது:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் ஒன்றரை ஆண்டாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைமாந்தர்களாக ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, 2014 ஆம் ஆண்டு விதிநூலின்படி ஆடி வருகிறோம். ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரே சுற்றில் மூன்று தீர்ப்புகளை அவசரமாகச் சொல்ல வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து விதிநூலைப் புரட்டியபோது மூன்றுமே தவறாக இருக்குமோ என்ற எண்ணம் எழுந்ததால் இங்கே கேட்கிறேன்.

நிலைமை இதுதான். 60 அடி உயரக் கோபுரத்தின் உச்சியில் ஐந்தாம் நிலை ஃபைட்டர் (போர்வீரர்) ஒருவர் நிற்கிறார். ஸ்ட்ரெங்த் (வலிமை) 18, விஸ்டம் (மனத்தெளிவு) 10, அத்லெடிக்ஸ் (உடல்திறன்) பயிற்சி உண்டு. கைப்பிடிச் சுவருக்கு வெளியே, அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், பாட்டால் மயக்கும் பறவைப்பெண்ணான ஹார்பி ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. அது இன்னும் பாடத் தொடங்கவில்லை. ஃபைட்டர் தன் வாளைக் கீழே போட்டுவிட்டு, தனக்குள்ள இரண்டு தாக்குதல்களில் முதலாவதைக் கிராப்பிளாகவும் (எதிரியைப் பிடித்துவைப்பது) இரண்டாவதை அதைப் ப்ரோன் ஆக்கும் (நிலைகுலைத்துச் சாய்க்கும்) ஷவ்வாகவும் (தள்ளுதல்) பயன்படுத்தினார். இரண்டிலும் அவருக்கே வெற்றி. இடக்கையில் கேடயம் அப்படியே இருந்தது.

அதன்பின் அவர், “நான் அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன், ஆகவே அதனால் பாட முடியாது” என்றார். நான் ஒப்புக்கொண்டேன். பிடிபட்டிருப்பதால் ஹார்பியின் தாக்குதல்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டு என்றும், அது கீழே விழாமல் அவர் கையில் தொங்கும் என்றும் சொன்னேன். அடுத்த சுற்றில் ஹார்பி கதை முடிந்தது. மேசையில் இருந்த இன்னொருவர், பாட முடியாத ஹார்பி வெறும் பறவைதானே என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

கிராப்பிள் என்ற நிலைக்குள் உண்மையில் எவ்வளவு அடங்கும்? வாயைப் பொத்துவது அதற்குள் வருமா?

நான்காம் பக்கம் எழுதியது:

உங்கள் மூன்று தீர்ப்புகளில் ஒன்று தவறு, ஒன்று தவறான காரணத்தால் சரியாக அமைந்தது, ஒன்று டிஎம் முடிவுக்கு உரியது. டிஸ்அட்வான்டேஜிலிருந்து தொடங்குகிறேன்.

2014 நூலின் பிற்சேர்க்கையில் கிராப்பிள்ட் என்ற நிலைக்குத் தரப்பட்டிருப்பது மூன்றே செய்திகள்தாம். பிடிபட்டவரின் வேகம் 0 ஆகும், வேகத்துக்கான எந்தக் கூடுதலும் அவருக்குப் பயன்படாது. பிடித்திருப்பவர் இன்கபாசிடேட்டட் (செயலிழந்தவர்) ஆகிவிட்டால் பிடி முடிவுக்கு வரும். ஏதேனும் ஒரு விளைவு பிடிபட்டவரைப் பிடித்தவரின் எட்டுதூரத்துக்கு வெளியே கொண்டுபோனாலும் பிடி முடிவுக்கு வரும். தாக்குவதைப் பற்றியோ, பேசுவதைப் பற்றியோ, மந்திரம் சொல்வதைப் பற்றியோ அங்கே ஒரு சொல்கூட இல்லை. நாம் பெரும்பாலும் இதை ரெஸ்ட்ரெய்ன்ட் (கட்டுண்ட) நிலையோடு குழப்பிக்கொள்கிறோம். டிஸ்அட்வான்டேஜ் தருவது அந்த நிலைதான். அதே நூலில் உள்ள கிராப்ளர் என்ற ஃபீட்டை (சிறப்புத் திறனை) எடுத்தவர் மேலும் ஓர் ஆக்‌ஷனைச் செலவிட்டு, மேலும் ஒரு சோதனையில் வென்றால்தான் எதிரியை ரெஸ்ட்ரெய்ன்ட் ஆக்க முடியும், அப்போதும் பிடித்தவரும் அந்த நிலைக்கே ஆளாகிறார். அவ்வளவு விலை கொடுத்துப் பெற வேண்டியதை வெறும் கிராப்பிளுக்கே தந்துவிட்டால், அந்த ஃபீட்டை யார் எடுப்பார்கள்?

ஆனாலும் உங்கள் ஹார்பிக்கு டிஸ்அட்வான்டேஜ் உண்டு. அது பிடியால் வந்ததன்று, ப்ரோன் நிலையால் வந்தது. எழுந்து நிற்க வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும், அதன் வேகமோ 0. ஆகவே பிடி தளரும்வரை அது எழ முடியாது. கிராப்பிளையும் ஷவ்வையும் சேர்த்துச் செய்வதன் சிறப்பு இதுதான், உங்கள் ஃபைட்டர் அதை அழகாகச் செய்திருக்கிறார். ஐந்து அடிக்கு அப்பாலிருந்து அம்பு விடும் தோழர் எவரேனும் இருந்திருந்தால் அவருக்கும் டிஸ்அட்வான்டேஜ் வந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி பாட்டு. இந்த இடத்தில்தான் நீங்கள் மிக நல்ல ஒரு சுற்றை இழந்துவிட்டீர்கள். ஹார்பியின் பாட்டு 300 அடிக்குள் அதைக் கேட்கும் ஒவ்வொரு மனித வடிவ இனத்தவரையும் அரக்கரையும் 11 என்ற இலக்கெண்ணுக்கு எதிராக விஸ்டம் சேவிங் த்ரோ (தற்காப்புக்கான பகடை உருட்டல்) போடச் செய்கிறது. தோற்றவர் வசியப்படுகிறார், வசியப்பட்டிருக்கும்வரை இன்கபாசிடேட்டடாகவும் இருக்கிறார். கிராப்பிளின் இரண்டாம் செய்தியை இப்போது திரும்பப் படியுங்கள்: பிடித்தவர் இன்கபாசிடேட்டட் ஆனால் பிடி முடிந்தது. அதாவது பாட்டுதான் பிடியைத் திறக்கும் சாவி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஹார்பி தன் ஆக்‌ஷனைச் செலவிட்டுத் திமிறிப் பார்த்தால், அதன் +1 (இருபதுமுகப் பகடையோடு கூட்டும் எண்) உங்கள் ஃபைட்டரின் +7-ஐ எதிர்கொள்ள வேண்டும்; சமன் வந்தால் பிடி அப்படியே நீடிக்கும் என்பதால், தப்பும் வாய்ப்பு 400-இல் 91, ஏறத்தாழ 23 விழுக்காடு. அதே ஆக்‌ஷனில் பாடினால், விஸ்டம் 10 உள்ள, அந்தச் சேவிங் த்ரோவில் பயிற்சியில்லாத ஃபைட்டர் பகடையில் 1 முதல் 10 வரை எது விழுந்தாலும் தோற்பார். பாதிக்குப் பாதி. திமிறுவதைவிடப் பாடுவது இரு மடங்குக்கும் மேல் நல்ல வழி. இன்டெலிஜென்ஸ் 7 மட்டுமே உள்ள உயிரி இவ்வளவு யோசிக்குமா என்றால், பாடுவது அதன் இயல்பு; யோசிக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

விழுவதைப் பற்றிச் சுருக்கமாக. பறக்கும் உயிரியின் வேகம் 0 ஆனாலோ அது ப்ரோன் ஆனாலோ விழும், ஹோவர் (ஒரே இடத்தில் மிதக்கும்) திறன் இருந்தாலோ மாயத்தால் தாங்கப்பட்டிருந்தாலோ மட்டும் விழாது என்று நூல் சொல்கிறது. கையால் தாங்குவது விலக்காக எழுதப்படவில்லை. அதே சமயம், பிடித்தவர் பிடிபட்டவரை இழுத்தோ தூக்கியோ செல்லலாம் என்று அதே நூலே அனுமதிக்கிறது. ஸ்ட்ரெங்த் 18 உள்ளவர் 540 பவுண்டு வரை தூக்கலாம். ஹார்பியின் எடை அதன் குறிப்பில் தரப்படவில்லை என்றாலும் அதற்குமேல் இருக்க நியாயமில்லை. தொங்கவிட்டது சரி என்பதே என் கருத்து.

மூன்றரைக் காலத்தவர் எழுதியது:

வாயைப் பொத்தும் எண்ணம் உங்கள் ஆட்டக்காரருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 2003 இல் வந்த 3.5 பதிப்பில், எதிரியை ‘பின்’ செய்து (அமுக்கிப் பிடித்து) அசையாமல் வைத்திருப்பவர் விரும்பினால் அவரைப் பேசவிடாமலும் தடுக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருந்தது. நான் அந்தப் பதிப்பில் பல ஆண்டுகள் ஆடியவன். தொடுதாக்குதல், அதற்கு எதிரி தரும் இடைத்தாக்குதல், பிறகு உடல் அளவுக்கு ஏற்ப நான்கு நான்காகக் கூடும் கிராப்பிள் சோதனை, பிறகு எதிரியின் கட்டத்துக்குள் நுழைதல் என்று நீண்ட படிகளைத் தாண்டி, அதற்குப் பிறகும் வென்றால்தான் அந்த ‘பின்’ நிலை கிடைக்கும். ஐந்தாம் பதிப்பு அந்த ஏணி முழுவதையும் எடுத்துவிட்டு ஒரே சோதனையாகச் சுருக்கியது. படிகள் போனதோடு உச்சியில் இருந்த பரிசும் போனது. பழைய பரிசைப் புதிய விலையில் கேட்பது நியாயமன்று.

இன்னொன்றையும் நம் ஊர் ஆட்டத்திலிருந்தே சொல்லலாம். சடுகுடுவில் பாடிக்கொண்டு வருபவரை நான்கு பேர் சேர்ந்து மடக்கிப் பிடித்தாலும் அவர் பாட்டு நிற்பதில்லை. மூச்சு இருக்கும்வரை பாடிக்கொண்டே நடுக்கோட்டை எட்டத் திமிறுகிறார், கை விரல் கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. பிடிப்பவர் பாடுபவரின் வாயைப் பொத்துவது கபடி விதிகளில் தவறாட்டம். பிடியும் பாட்டும் வெவ்வேறு என்பது மைதானத்தில் நாம் கண்ணால் பார்த்தே அறிந்த ஒன்று. ஒரு காலையோ இடுப்பையோ இறுகப் பிடித்திருப்பவருக்கு எதிராளியின் வாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஆனால் முடியவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். நூலில் இல்லாத செயலை ஆட்டக்காரர் முயன்றால், அது இயலுமா, எந்தச் சோதனை வேண்டும் என்று தீர்மானிப்பது டிஎம்மின் வேலை. என் மேசையில் இதைத் தனி ஆக்‌ஷனாகவும், மீண்டும் ஓர் அத்லெடிக்ஸ் எதிர்ச்சோதனையாகவும், அதற்கென இன்னொரு காலிக் கை வேண்டும் என்றும் வைத்திருப்பேன். உங்கள் ஃபைட்டருக்கு அந்தக் கை இல்லை: ஒன்றில் ஹார்பி, இன்னொன்றில் கேடயம். கேடயத்தைக் கழற்ற ஓர் ஆக்‌ஷன் ஆகும். ஆகவே அந்தச் சுற்றில் வாயைப் பொத்தியிருக்கவே வழியில்லை, ஹார்பிக்குப் பாட ஒரு முறையாவது வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

புதுப்பதிப்பு எழுதியது:

2014 விதிகள் என்று கேட்டவர் தெளிவாகச் சொல்லியிருந்தாலும், 2024 விதிநூலுக்கு மாற எண்ணினால் விடை மாறும் என்பதால் இதை எழுதுகிறேன். இப்போது கிராப்பிள் என்பது ஆயுதமில்லா அடியின் ஒரு வகை. எதிர்ச்சோதனை இல்லை, இலக்கானவர் ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோவைத் தானே தேர்ந்து போடுகிறார். இலக்கெண் 8, அதோடு ஸ்ட்ரெங்த் மாற்றெண், அதோடு பயிற்சிக் கூடுதல். உங்கள் ஃபைட்டருக்கு 15. நீங்கள் ஆடும் அதே ஹார்பி +1 உடன் 14 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், எனவே பிடி கிடைக்கும் வாய்ப்பு 65 விழுக்காடு. பழைய முறையில் அது ஏறத்தாழ 74. தப்புவதும் அதே 15-க்கு எதிரான சோதனை என்பதால், 23 விழுக்காடாக இருந்தது 35 ஆக உயர்கிறது.

பிடிபட்டவர், தன்னைப் பிடித்தவரைத் தவிர வேறு எவரைத் தாக்கினாலும் டிஸ்அட்வான்டேஜ் உண்டு என்பது புதிய நூலில் சேர்ந்திருக்கிறது. உங்கள் தீர்ப்பு இதற்கு அருகில் வருகிறது, ஆனால் திசை நேர்மாறு: ஃபைட்டரைத் தாக்கும்போது ஹார்பிக்கு பிடியால் எந்தத் தடையும் இல்லை. தோழர்களைக் காக்க ஒருவர் முன்வந்து பிடிக்கிறார், அடியையும் அவரே வாங்கிக்கொள்கிறார் என்ற கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பறந்து விலகும் எதிரியை இடைத்தாக்குதலாகவே பிடிக்க முடிவதும் புதிது. 2014 இல் கிராப்பிளுக்கு அட்டாக் ஆக்‌ஷன் வேண்டும் என்பதால் அது இயலாது. சினங்கொண்ட பார்பேரியன் (ஆவேச வீரர்) வகையினருக்குத்தான் இழப்பு: முன்பு அத்லெடிக்ஸ் சோதனையில் கிடைத்த அட்வான்டேஜ், பகடையை எதிரி உருட்டும் இப்போதைய முறையில் பிடிப்பதற்கு உதவுவதில்லை.

வாயைப் பொத்துவது இரண்டு நூல்களிலும் இல்லை.

கோட்டைவாசல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டே பிடியை விடுவிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கங்களையும் தனித்தனியே படித்திருந்தேன், சேர்த்துப் படிக்கவில்லை. அடுத்த அமர்வில் அந்த ஹார்பியின் கூட்டத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு வருகின்றன, அதனால் ஒரே ஒரு துணைக்கேள்வி. தொங்கிக்கொண்டிருக்கும்போது அது பாடி, ஃபைட்டர் தோற்று, கை விட்டுப்போனால் அடுத்து என்ன நடக்கும்? அது பறந்துவிடுமா, விழுமா?

நான்காம் பக்கம் எழுதியது:

ப்ரோன் ஆக்கப்பட்டிருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. கிராப்பிள் மட்டும் இருந்திருந்தால், பிடி முடிந்த கணத்திலேயே அதன் பறக்கும் வேகமான 40 அடி திரும்பிவிடும். விழக் காரணம் இல்லை, தன் நகர்வைப் பயன்படுத்தி விலகிச் செல்லும். ப்ரோன் நிலையிலும் இருந்தால், தாங்கிய கை போனதும் அது விழும். 60 அடிக்கு 6 ஆறுமுகப் பகடைகள், சராசரி 21. ஹார்பியின் சராசரி உயிர்ப்புள்ளி 38 என்பதால் பிழைக்கும், ஆனால் தளர்ந்திருக்கும்.

2017 இல் வந்த ஸானதாரின் வழிகாட்டி நூலில் இதற்கென ஒரு விருப்ப விதி உண்டு: பறக்கும் உயிரி விழுந்தால், விழுந்த தூரத்திலிருந்து அதன் அப்போதைய பறக்கும் வேகத்தைக் கழித்துவிட்டுச் சேதத்தைக் கணக்கிடலாம். பிடி முடிந்து வேகம் மீண்டுவிட்டதால் 60 இல் 40 போக 20 அடி, இரண்டே பகடைகள், சராசரி 7. நான் இந்த விதியைப் பயன்படுத்துகிறேன், ஏனெனில் சிறகுள்ள ஒன்று கல்லைப் போல விழுவது எனக்கு ஒப்பவில்லை.

ஃபைட்டரின் நிலையையும் மறந்துவிடாதீர்கள். ஹார்பி அடியில் கிடந்தாலும் பாட்டு நிற்கவில்லை. தன் ஒவ்வொரு முறையிலும் போனஸ் ஆக்‌ஷனைச் செலவிட்டு அதைத் தொடரலாம். வசியப்பட்டவர் தன் முறையில் நேர்வழியாக அதை நோக்கி நகர வேண்டும், அந்த நேர்வழி கைப்பிடிச் சுவரைத் தாண்டுகிறது. குழி போன்ற ஆபத்தான இடத்தில் காலெடுத்து வைக்கும் முன் சேவிங் த்ரோவை மறுபடி போட அவருக்கு உரிமை உண்டு. 60 அடி வெறுவெளியை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். வென்றால் அந்த ஹார்பியின் பாட்டு 24 மணி நேரத்துக்கு அவரைத் தொடாது. மற்ற இரண்டின் பாட்டும் தொடும்.