விலங்கின் மறுமுனை

ஏற்காட்டுக்காரி:

அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டை, போலீஸ் பிடியில் இருக்கும்போதே ஒருவன் சுட்டுக் கொன்றானே, அந்தச் செய்தியோ படமோ உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது? வீட்டுப் பெரியவர்கள் சொன்னது என்றாலும் சரி, எழுதுங்கள். முதலில் எங்கள் வீட்டுக் கதை.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். 1963 நவம்பர், பழம் பறிப்பு தொடங்கியிருந்த நேரம். ரேடியோ இருந்தது துரை பங்களாவில் மட்டும்தான். சமையற்காரர் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே குளிரில் நின்று கேட்கலாம். சனிக்கிழமை காலை கென்னடி செத்த செய்தி. டல்லஸில் பகல் 12.30 என்றால் இங்கே நள்ளிரவு சரியாக 12. மலையே தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அதே வெள்ளிக்கிழமைதான் பூஞ்ச் பக்கம் ஹெலிகாப்டர் விழுந்து நம் ராணுவ உயரதிகாரிகளும் இறந்தார்கள். இரண்டும் ஒரே மூச்சில் காதில் விழவே, யார் எங்கே செத்தார்கள் என்று அப்பாவுக்கு முதலில் பிடிபடவில்லையாம்.

திங்கட்கிழமை காலை சமையற்காரர் ஜன்னல் வழியே, "பிடிச்சு வச்சிருந்தவனையும் போட்டுட்டாங்க, போலீஸ் ஆபீசுக்குள்ளயே" என்றிருக்கிறார். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "போலீஸ்காரனே சுட்டானா?" இல்லை, நைட் கிளப் நடத்துகிற ஜாக் ரூபி என்கிற வெளியாள் என்று பிறகு பேப்பரிலேயே வந்தது. அப்பா நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை. "வெளியாள் எப்படிம்மா உள்ளே போவான்?" என்பார். அந்தக் கேள்விக்கு இங்கே யாராவது பதில் சொல்ல முடியுமா என்றுதான் இதைத் தொடங்கினேன்.

செவ்வாய்ப்பேட்டைவாசி:

உங்கள் அப்பா அப்படிக் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. 1950 பிப்ரவரி 11 அன்று நம் சேலம் சிறைக்குள்ளேயே 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் 13 வருஷம்தான். எங்கள் தாத்தா சிறைப் பக்கம் பார்த்தாலே அந்த எண்ணைச் சொல்வார், வேறெதுவும் சொல்ல மாட்டார். பூட்டிய கதவுக்குள் ஒருவன் செத்தால் சாவி வைத்திருந்தவனைத்தான் ஊர் கேட்கும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:

அம்மா, உங்கள் அப்பா கேள்விக்கு என்னால் முடிந்த பதில். நான் ஆயுதப்படையில் இருந்தவன். சேலம் சிறையிலிருந்து கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு ஆள் கூட்டிப்போகும் வழிக்காவல் டூட்டி பல வருஷம் பார்த்திருக்கிறேன். பயிற்சியின்போது ஒரு எஸ்.ஐ. அந்தப் படத்தின் ஜெராக்ஸ் ஒன்றைக் காட்டி, "இதில் தப்பு எத்தனை, எண்ணுங்கடா" என்றார்.

எல்லாரும் துப்பாக்கியையும் ஆஸ்வால்ட் வாயைப் பிளந்து துடிப்பதையும் பார்த்தார்கள். எனக்குக் கண் போனது பக்கத்தில் நிற்பவர் மேல். வெளிர் நிற சூட், அகலத் தொப்பி. ஜிம் லெவெல் என்ற துப்பறியும் அதிகாரி. தன் இடது கையை ஆஸ்வால்டின் வலது கையோடு விலங்கில் கோத்திருந்தார். உங்களை எவனாவது சுட்டால் உங்களைப் போலவே குறி தவறாமல் சுடட்டும் என்று புறப்படும் முன் அவனிடம் வேடிக்கையாகச் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வேடிக்கை புரியும். அந்த நடையில் வாய் எதையாவது பேசிக்கொண்டே இருக்கும்.

தப்புக்கு வருகிறேன். ஆளை ஞாயிறு காலை 10 மணிக்குக் கவுண்டி ஜெயிலுக்கு மாற்றப்போகிறோம் என்று முந்தின நாளே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். ராத்திரியே போனில் மிரட்டல் வந்தது. அப்படியும் நிருபர்களைப் போலீஸ் ஆபீஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டமாக நிற்க விட்டார்கள். எழுபது போலீசுக்கு மேல் இருந்தார்கள், ஆனால் எல்லாக் கண்ணும் ஆஸ்வால்ட் வரும் வாசலில். கேமரா வெளிச்சத்தில் எதிரே நிற்பவன் முகமும் சரியாகத் தெரியாது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விசாரணை நீண்டது, அப்புறம் ஆஸ்வால்ட் ஸ்வெட்டர் கேட்டான், அதனால் 10 மணி 11-ஐத் தாண்டியது. அந்த நேரம் ரூபி பக்கத்துத் தந்தி ஆபீசில் தன்னிடம் வேலை பார்த்த பெண்ணுக்கு 25 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தான். ரசீதில் மணி 11.17. வளர்ப்பு நாயைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். சுட்டது 11.21-க்கு. ஒரு போலீஸ் கார் வெளியே ஏறும்போது காவலுக்கு நின்றவர் விலக, அடித்தளத்துக்குப் போகும் அந்தச் சரிவுப் பாதையில் இறங்கி வந்துவிட்டான் என்பது கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் கணக்கு. சந்துப் பக்கக் கதவு வழியாக வந்திருப்பான் என்று 1979-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி சந்தேகப்பட்டது. எப்படியோ, வெளியாள் உள்ளே வந்தான். உங்கள் அப்பா நினைத்த அளவுக்கு அது கஷ்டமில்லை.

எனக்கு ஒருமுறை நடந்தது. கொலைக் கேஸ் ஆள், கோர்ட் அனுமதி வாங்கித்தான் விலங்கு. வேனிலிருந்து இறங்கி நடக்கிறோம். ஒரு கிழவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறாள், கை மடிக்குள் இருக்கிறது. என் வலது கையைக் கோத்திருந்தேன். படுமுட்டாள்தனம். படத்தைப் பார்த்துக் கற்றவனே செய்த தப்பு. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் விலங்கிலிருந்த கைதி பயந்து பின்னால் இழுத்தான், நானும் சேர்ந்து சரிந்தேன். விலங்கு விளிம்பு பட்டு மணிக்கட்டில் தோல் உரிந்தது. மடியிலிருந்து வந்தது திருநீற்றுப் பொட்டலம்.

முதல் அக்ரஹாரம் ஸ்டூடியோ:

போட்டோகிராபர் பார்வையில் நானும் ஒன்று சொல்கிறேன். அந்த அடித்தளத்தில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளிக் செய்தார்கள். டல்லஸ் மார்னிங் நியூஸின் ஜாக் பீர்ஸ் எடுத்ததில் துப்பாக்கி நீண்டிருக்கிறது, ஆஸ்வால்டுக்கு இன்னும் எதுவும் தெரியாது. டைம்ஸ் ஹெரால்டின் ராபர்ட் ஜாக்சன் எடுத்தது அதற்கு 0.6 நொடி பின்னால். குண்டு பாய்ந்த முகம். 1964-ல் புலிட்சர் பரிசு அதற்குத்தான். தாலி கட்டும்போது அரை நொடி முந்திவிட்டு, பிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களுக்கு பீர்ஸின் வலி தெரியும்.

அஸ்தம்பட்டி பையன்:

நான் இதையெல்லாம் யூடியூபில்தான் பார்த்தேன். ஆனால் 2023 ஏப்ரல் 15 ராத்திரி உ.பி. பிரயாக்ராஜில் போலீஸ் பிடியில் இருந்த முன்னாள் எம்.பி. அதீக் அகமதையும் அவர் தம்பி அஷ்ரஃபையும் சுட்டதை டிவியில் பார்த்தபோது அப்பா சொன்ன முதல் வார்த்தை "ஆஸ்வால்ட்". இங்கேயும் மைக், கேமரா, சுற்றிலும் போலீஸ். சுட்ட மூன்று பேரும் நிருபர் வேஷத்தில் வந்தார்கள். ஏட்டய்யா, நீங்கள் பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற ஏட்டு:

பார்த்தேன் தம்பி. அண்ணனையும் தம்பியையும் ஒரே விலங்கில் கோத்திருந்தார்கள். ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓடக்கூட முடியாது. சேனலை மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஏற்காட்டுக்காரி:

ஏட்டய்யா, உங்கள் பதிலை அப்பா படித்திருந்தால் நள்ளிரவு வரை வாதாடியிருப்பார். ரூபிக்கு 1964 மார்ச்சில் மரண தண்டனை, 1966-ல் மேல் கோர்ட்டில் அது ரத்து, மறு விசாரணைக்கு முன்பே 1967 ஜனவரி 3-ல் நோயில் செத்தான். செத்தது பார்க்லாண்ட் மருத்துவமனையில். கென்னடியும் ஆஸ்வால்டும் இறந்த அதே இடம். இதைத்தான் அப்பா கடைசி ஆதாரமாக நீட்டுவார், "மூணு பேரும் ஒரே ஆஸ்பத்திரியா?" என்று. ஊரில் பெரிய ஆஸ்பத்திரி அது, எல்லாரையும் அங்கேதான் கொண்டுபோவார்கள் என்று நான் சொன்னால் கோபம் வரும்.

அந்தக் கிழவி யார் என்று நீங்கள் சொல்லவில்லையே?

ஓய்வுபெற்ற ஏட்டு:

அந்தக் கைதியின் அம்மாதான். அன்றைக்கு உள்ளூர் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்து அனுப்பினார்கள். அதன்பிறகும் வாய்தா தவறாமல் வந்தாள். தூரத்திலேயே நின்று கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் கிட்டே வருவாள். நாலாவது வாய்தாவிலிருந்து அவனுக்குப் பூசிய கையோடு எனக்கும் ஒரு கீற்று இழுத்துவிட்டுப் போவாள்.