டி. எஸ். பாலையா: வில்லன் வேடத்திலிருந்து அப்பா வேடம் வரை

வெண்திரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். டி. எஸ். பாலையாவின் நடிப்பு வாழ்க்கையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதும் முயற்சியில் இருக்கிறேன். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வந்தவர், 1972ஆம் ஆண்டில் மறையும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்த் திரையில் இருந்திருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆகிய மூன்று படங்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இம்மூன்றும் 1964 முதல் 1968 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு முன்பிருந்த கால் நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பை எப்படிப் புரிந்துகொள்வது? வில்லனாகத் தொடங்கிய ஒருவர், பார்த்தவுடனேயே சிரிப்பு வருகிற அப்பாவாக மாறியது எப்படி? அது ஒரு திருப்பமா, அல்லது தொடக்கத்திலிருந்தே அவரிடம் இருந்த ஒன்றின் தொடர்ச்சியா? பழைய படங்களை ஊன்றிப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மாடவிளக்கு எழுதுகிறார்:

தொடர்ச்சி என்பதே என் உறுதியான கருத்து.

‘சதி லீலாவதி’ பல வகைகளில் ஒரு தொடக்கப் புள்ளி. எஸ். எஸ். வாசனின் கதை, தமிழே தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம். எம். ஜி. ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதில்தான். கதாநாயகன் எம். கே. ராதாவைக் கெடுக்கும் நண்பனாகப் பாலையா நடித்தார். அடுத்த ஆண்டே அதே டங்கனின் இயக்கத்தில், எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யில் தளபதி ருத்ரசேனனாக வந்தார். ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் வந்த எம். ஜி. ஆர். 1947இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாக உயர்ந்தபோது, அந்தப் படத்திலும் பாலையா இருந்தார். கதாநாயகர்களின் தலைமுறைகள் மாறிக்கொண்டிருந்தபோதும், அவர்களுக்கு எதிரே நிற்கும் மனிதராக அவர் நிலைத்திருந்தார் என்பது குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையைப் பற்றி நிறையவே சொல்கிறது.

நாடக மேடையிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, ஒலிபெருக்கியின் துணையில்லாமலே கடைசி வரிசை வரை எட்டும் குரல். மற்றொன்று, ஒரே நாடகத்தை நூறு முறை ஆடியதால் வந்த நேரக்கணக்கு. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் அவையோர் சிரிப்பார்கள், எவ்வளவு விட்டால் அஞ்சுவார்கள் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருந்தது. பாலையா தமது வில்லன் வேடங்களில் எதைப் பயன்படுத்தினாரோ, அதையேதான் நகைச்சுவை வேடங்களிலும் பயன்படுத்தினார். அவருடைய வில்லன்களைக் கூர்ந்து பாருங்கள்: பெரும்பாலும் அவர்கள் தங்களைப் பற்றி மிக உயர்வாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அந்த எண்ணம் நொறுங்கும் நொடியில் முகத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டுவதில்தான் பாலையாவின் தனித்திறமை இருந்தது. சூழ்ச்சிக்காரனிடம் அது நொறுங்கினால் நமக்கு நிறைவு. ஓர் அப்பாவிடம் நொறுங்கினால் சிரிப்பு.

‘காதலிக்க நேரமில்லை’ விசுவநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் முதலாளி; பணத்தின் மீது அளவற்ற மரியாதை கொண்டவர். வேலையை விட்டு நீக்கிய இளைஞன் வீட்டெதிரே கூடாரம் அடித்தபோது சீறுகிறார். அதே இளைஞன் தம்மைவிடப் பெரிய கோடீசுவரரின் மகன் என்று நம்பியவுடன், அந்தப் போலித் தந்தையிடம் “அசோகர் உங்க மகருங்களா?” என்று கேட்கிறார். ‘மகன்’ என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பதற்றத்தில் வந்து விழும் சொல் அது. இதை அழுத்திச் சொல்லிச் சிரிப்பு வாங்க முயன்றிருந்தால் வெறும் துணுக்காக முடிந்திருக்கும். பாலையா அதை உண்மையான பணிவோடு, தாம் சொல்வதில் பிழை இருப்பதையே அறியாதவராகச் சொல்கிறார். விசுவநாதனின் குணம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடுகிறது.

விசுவநாதனின் மகனாக வரும் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அக்காட்சியில் பேசிக்கொண்டே இருப்பவர் நாகேஷ். பாலையாவின் பங்கு பெரும்பாலும் கேட்பது. அவருடைய அச்சம் ஒரேயடியாக வருவதில்லை. மகன் ஏதோ உளறப்போகிறான் என்ற அலட்சியத்தில் தொடங்கி, ஆர்வமாகி, பிறகுதான் நடுக்கமாகிறது. அந்தப் படிகள் இல்லாவிட்டால் நாகேஷின் கதைக்கு இவ்வளவு வலிமை கிடைத்திருக்காது. 1966இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தபோது அதே காட்சியை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள்; இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது உங்கள் கட்டுரைக்குப் பயன்படும்.

தவில்ரசிகை எழுதுகிறார்:

மாடவிளக்கு ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ‘செருக்கு நொறுங்கும் மனிதர்’ என்ற ஒரே சட்டத்துக்குள் பாலையாவை அடைப்பது அவருக்குச் செய்யும் குறை என்று தோன்றுகிறது. 1949இல் வந்த ‘வேலைக்காரி’யை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அண்ணாவின் கதை வசனத்தில், ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கத்தில் வந்த அந்தப் படத்தில், தந்தையை இழந்து பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனாகக் கே. ஆர். ராமசாமி நடித்தார். கத்தியைத் தீட்டுவதை விட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்லும் நண்பன் மணி, பாலையா. செருக்கு எதுவும் இல்லாத, நிதானமாகச் சிந்திக்கிற மனிதன். அடுக்குமொழி வசனங்களை முழக்கமாக்கிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவது போல அவர் பேசியதை இன்றும் வியப்போடு பார்க்கிறேன்.

‘தூக்குத் தூக்கி’யில் வரும் சேட்டு வேறொரு திசை; ‘பாகப்பிரிவினை’யின் அண்ணன் இன்னொரு திசை. ஒற்றுமையாக வாழ்ந்த அண்ணன் தம்பி இருவர் வீட்டின் நடுவே சுவர் எழும்பும் கதையில், தம்பியாக வந்தவர் எஸ். வி. சுப்பையா. மனத்தில் பாசம் இருந்தும் வீம்பினால் பேசாமல் இருக்கும் அண்ணனைப் பாலையா நடித்த விதத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

வெண்திரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘வேலைக்காரி’யை நான் பட்டியலிலேயே சேர்த்திருக்கவில்லை. ‘திருவிளையாடல்’ ஏமநாத பாகவதரைப் பற்றியும் ‘தில்லானா’ முத்துராக்குவைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல இயலுமா? இரண்டும் இசைக்கலைஞர் வேடங்கள்; இரண்டிலும் ஒலிப்பது வேறொருவருடைய இசை.

தவில்ரசிகை:

பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலமாக வரும் கதைதான் ஏமநாதன் கதை. திரையில் ‘ஒரு நாள் போதுமா’ பாடலைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. கண்ணதாசனின் வரிகளில் இராகங்களின் பெயர்கள் இழைந்து வரும், கே. வி. மகாதேவனின் இசை. இவ்வளவு பெரிய வித்துவானின் குரலுக்கு வாயசைப்பது எளிதன்று. குரலுக்கு உரிய உடம்பு இல்லாவிட்டால் உடனே பொய்யாகத் தெரிந்துவிடும். பாலையா கழுத்தையும் தோளையும் விரல்களையும் ஒரு பாடகர் அசைப்பது போலவே அசைக்கிறார். அந்த அவையில் தமக்கு இணை யாரும் இல்லை என்ற எண்ணம் அவருடைய புன்னகையில் தெரிகிறது. அன்றிரவு விறகுவெட்டியாக வந்த இறைவனின் பாட்டைக் கேட்டு ஊரைவிட்டே அகலும்போது, அவருடைய திகைப்பில் இசையறிந்தவனின் மரியாதையும் கலந்திருக்கிறது. தோற்றவன் உண்மையிலேயே பெரிய பாடகன் என்று நாம் நம்பினால்தான் இறைவனின் வெற்றிக்குப் பெருமை. அந்த நம்பிக்கையைத் தந்தவர் பாலையா.

முத்துராக்கு எனக்கு இன்னும் நெருக்கமானவர். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜியும் உடன் வாசிப்பவராக ஏ. வி. எம். ராஜனும் நாகசுரத்தோடு அமர்ந்திருக்க, தவிலோடு பாலையா. நாகசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ‘நலந்தானா’ காட்சியில் மோகனாம்பாள் தன் ஆட்டத்தின் வழியே நலம் விசாரிக்கிறாள். காயம்பட்டுத் தேறி வந்த சண்முகசுந்தரம் வாசிப்பின் வழியே பதில் சொல்கிறார். இருவருக்கும் இடையில் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொண்ட மூன்றாவது ஆள் முத்துராக்கு. கை தவிலில் இருக்க, கண் மட்டும் அவர்கள் பக்கம் போய் வருகிறது. கோபக்கார வித்துவானின் பக்கத்தில் ஆயுள் முழுதும் அமர்ந்து, அவர் எப்போது சீறுவார், எப்போது உருகுவார் என்று அறிந்த பக்கவாத்தியக்காரரை அப்படியே பார்க்கிறோம்.

மாடவிளக்கு:

ஏமநாதரைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ‘வேலைக்காரி’ பற்றிய மறுப்பையும் ஏற்கிறேன்.

வெண்திரை அவர்களே, பார்க்கும் வரிசையைப் பற்றி ஒரு யோசனை. ‘வேலைக்காரி’, ‘தூக்குத் தூக்கி’, ‘பாகப்பிரிவினை’ என்று தொடங்கி, பிறகு ‘காதலிக்க நேரமில்லை’க்கு வாருங்கள். அதன்பின் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967). நடிகை ஒருத்தி அண்டை வீட்டுக்கு வந்ததால் மகன்களும் மருமகள்களும் வரவுக்கு மீறிய பகட்டில் இறங்க, அதைக் கண்டு பொறுமும் அப்பாவாகப் பாலையா. அங்கே நொறுங்குவது மற்றவர்களின் செருக்கு. அவர் வீட்டில் அறிவுள்ள ஒரே ஆள். விசுவநாதனைப் பார்த்த மறுநாளே இதைப் பார்த்தால், ஒரே வயது, ஒரே அப்பா வேடம், ஆனால் எவ்வளவு வேறுபட்ட மனிதர்கள் என்பது விளங்கும். அவருடைய மகன் ஜூனியர் பாலையாவும் 2023இல் மறையும் வரை நடிகராகவே இருந்தார். ‘கரகாட்டக்காரன்’, ‘சாட்டை’ ஆகியவற்றில் அவரைப் பார்த்துவிட்டு, தந்தையின் சாயல் எங்கே தெரிகிறது, எங்கே அவர் விலகித் தம் வழியில் போகிறார் என்பதையும் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.