‘பிரிசம்ப்ஷன்’: ஊகமா, முற்கோளா?

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

‘பிரிசம்ப்ஷன்’ (presumption) என்ற சட்டச் சொல்லுக்குத் தமிழில் ‘ஊகம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நேற்றுக் கேட்கப்பட்டிருந்தது. கிளிநொச்சியில் காணிப் பிணக்குகளுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். அந்தச் சொல் என் மேசைக்கு முன்னால் இருப்பவரிடம் உண்டாக்கும் குழப்பத்தை அடிக்கடி பார்ப்பதால், இதில் உடன்பட முடியவில்லை.

‘அசம்ப்ஷன்’ (assumption) பற்றிப் பிணக்கில்லை. நம் பாடநூல்கள் ‘எடுகோள்’ என்ற நல்ல சொல்லைத் தந்துவிட்டன. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும்போது, குளத்துக்கு இனிப் பெரிய வரத்து இராது என்று வைத்துக்கொண்டே இருக்கிற நீரைப் பங்கிடுகிறோம். கணக்கைத் தொடங்குவதற்காக நாமாக எடுத்துக்கொண்டது அது. பிறகு மழை பெய்தாலும் எவரும் எவரிடமும் ஆதாரம் கேட்கப்போவதில்லை.

பிரிசம்ப்ஷன் அப்படிப்பட்டதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆட்சியின்றியும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக எண்பிக்கப்படும்வரை (நிரூபிக்கப்படும்வரை), முடிக்குரியதென, அதாவது அரசுக்குரியதென, கொள்ளப்படும் என்றது. இங்கே எவரும் எதையும் ஊகிக்கவில்லை. சான்று எதையும் பார்ப்பதற்கு முன்னரே சட்டம் ஒரு பக்கத்தில் நின்றுகொள்கிறது. எண்பிக்கும் சுமை மற்றவரின் தலையில் விழுகிறது. இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தையும் போமிட்டையும் (காணி அனுமதிப் பத்திரத்தையும்) தொலைத்து, திரும்பி வந்தபோது தன் வளவு பற்றைக்காடாகக் கிடக்கக் கண்ட ஒருவருக்கு இதை ‘ஊகம்’ என்று விளக்கியபோது, “ஊகந்தானே, பிழையாய் நினைச்சிட்டினம்; நேரிலை போய்ச் சொன்னால் விளங்கும்” என்றார். தாளைத் தேடவேண்டியவர் தாமே என்பது அவருக்குப் புரியவில்லை. பிழை அவருடையதன்று, நான் சொன்ன சொல்லினுடையது.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலும் இடர்ப்பாடு தெரியும். அதன் 4ஆம் பிரிவு, நீதிமன்றம் ஒன்றை அவ்வாறு கொள்ளலாம் என்பதையும், கொள்ளவே வேண்டும் என்பதையும், மறுப்புச் சான்றுக்கே இடமில்லாத முடிவான எண்பிப்பையும் வேறுபடுத்துகிறது. ‘ஊகிக்கலாம்’ என்றால் பொருள்படும். ‘ஊகித்தல் வேண்டும்’ என்றால்? ஊகிக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது எங்ஙனம்?

தருக்க நூலின் ‘அருத்தாபத்தி’யை எடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஆங்கிலத்தில் அதைப் பிரிசம்ப்ஷன் என்றே பெயர்ப்பதுண்டு. ஆனால் பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்பது, கண்டதை வைத்து வேறு வழியின்றி வந்துசேரும் முடிவு. சட்டத்தில் உள்ளதோ சான்றுக்கு முந்தியது, பெரும்பாலும் சான்றால் கவிழக்கூடியது. அனுமானமும் இதே காரணத்தால் பொருந்தாது.

ஆகவே ‘முற்கோள்’ என்பதை முன்வைக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் அடியில் இருப்பது, எடுத்தல் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வினை. பிரிசம்ப்ஷனில் ‘முன்’ என்பது சேர்கிறது. முன்+பகல் முற்பகலானது போல முன்+கோள் முற்கோளாகும். எடுகோளுக்கும் கருதுகோளுக்கும் உறவாகவும் நிற்கும். முற்கொள்ளலாம், முற்கொள்ளல் வேண்டும் என்று வினையும் இடரின்றி வரும். கோள் என்றதும் கோள்மூட்டுவது நினைவுக்கு வருகிறது என்று மாங்குளத்து நண்பர் சிரித்தார். மேற்கோளைக் கேட்டு எவரும் அப்படிச் சிரிப்பதில்லை.

ஓரிடத்தில் மட்டும் என் சொல்லும் எனக்கு நிறைவு தரவில்லை. காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களிடம் ‘இறந்தவரென ஊகிக்கப்படுகிறார்’ என்ற தொடரை வாசித்துக் காட்ட எனக்கு நா எழாது. ‘முற்கொள்ளப்படுகிறார்’ என்பது, எவரும் கண்டறிந்து சொன்னதன்று, சட்டம் எடுத்த நிலை, மாற்றத்தக்கது என்றாவது காட்டும். ஆயினும் அத்தொடர் கடினமாகவே இருக்கிறது. இந்த ஒரு வழக்குக்கு மட்டும் தனிச்சொல் வேண்டுமா, முற்கோளையே வைத்துத் தொடரை வேறுவிதமாக அமைக்கலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.