வெஸ்டிங்: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஆஸ்டினிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில் வேலைபார்க்கும் பொறியாளர்களுக்கான வரிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. சம்பளத்தோடு நிபந்தனையின்பேரில் கிடைக்கும் ஆர்எஸ்யூ பங்குகளைத் தருவதாக நிறுவனம் எழுதிக்கொடுக்கும் நாளை ‘அளிப்பு நாள்’ என்று வைத்துவிட்டோம். அந்தப் பங்குகள் உண்மையில் ஊழியருடையதாகும் நாளுக்கு, அதாவது வெஸ்டிங்குக்கு, வரைவில் ‘முதிர்வு’ என்று இருக்கிறது. அது வரும் பத்தி இது:

“100 பங்குகள் முதிரும் நாளில் ஒரு பங்கின் விலை 200 டாலர் என்றால், 20,000 டாலர் சம்பளமாகவே டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பளப் படிவத்தில் ஏறும். நிறுவனம் கூட்டரசு வருமான வரிக்கு 22 விழுக்காடு, 4,400 டாலர் பிடிக்கும். நீங்கள் 32 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் வரி 6,400. மாநில வருமான வரி இல்லை என்று நிம்மதியாக இருப்பவருக்கு ஏப்ரலில் கணக்குத் தாக்கல் செய்யும்போது 2,000 டாலர் துண்டு விழும்.”

கோவையிலிருந்து:

‘முதிர்வு’ வேண்டவே வேண்டாம். வங்கி வைப்பு முதிர்ந்தால் வட்டிக்குத்தான் வரி, அசலுக்கு இல்லை என்பது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதே சொல்லை இங்கே போட்டால் விலை ஏறிய பகுதிக்கு மட்டும் வரி என்றுதான் புரிந்துகொள்வார்கள். இங்கே முழு 20,000-க்கும் வரி.

என் பரிந்துரை ‘உறுபேறு’. உறுதல் என்றால் வந்து சேர்தல். அரசன் பொருளைப் பேசும் குறளில் ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்று, உல்கு என்னும் சுங்க வரியோடு சேர்ந்தே வருகிறது. இதைவிடப் பொருத்தமான வேர் ஏது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, அந்தக் குறளிலேயே உங்களுக்கு மறுப்பும் இருக்கிறது. பரிமேலழகர் உரைப்படி உறுபொருள் என்பது உடையவன் இல்லாமல் அரசனிடம் போய்ச் சேருவது. வைத்தவர் இறந்து நிலத்தில் கிடந்த புதையல், தாயத்தார் பெறாத சொத்து, இப்படி. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: உடையவன் உருவாகிற கணம்.

எங்களிடம் ‘காணி உரித்து’ என்பது அன்றாடப் பேச்சு. உரித்தாதல் என்றே போடுங்கோ. ‘நன்றி உரித்தாகுக’ என்று கேட்டுப் பழகிய எவருக்கும் விளங்கும்.

ஹூஸ்டனிலிருந்து:

உரித்தாதல் என்றதும் வெங்காயம் உரிப்பதுதான் எனக்கு நினைவு வருகிறது. படிப்பவர் தரகு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தால் ‘வெஸ்ட் தேதி’ என்றுதான் பார்க்கப்போகிறார். ‘வெஸ்டிங்’ என்றே விடுவோம். தெரியாத சொல்லைத் தேடி அவர் பணத்தை இழக்கக் கூடாது.

இழப்பு எங்கே என்றும் சொல்கிறேன். சோஷியல் செக்யூரிட்டி என்னும் ஓய்வூதிய வரிக்கான சம்பள வரம்பைத் தாண்டியவருக்கு, மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவ வரியும் சேர்த்து அந்த 100-இல் 24 பங்குகள் வரிக்குப் பிடிபட்டு, 76 கைக்கு வரும். 210 டாலருக்கு விற்றால் ஆதாயம் 760 டாலர்தான். ஆனால் விற்பனையைக் காட்டித் தரகு நிறுவனம் அனுப்பும் 1099-பி படிவத்தில் அடக்கவிலை பெரும்பாலும் வெற்றாகவோ பூச்சியமாகவோ வரும். அதை அப்படியே மென்பொருளில் ஏற்றினால் 15,960 டாலர் முழுவதும் ஆதாயம் என்று காட்டும். ஏற்கெனவே சம்பளமாக வரி கட்டிய பணத்துக்கு மறுபடி வரி. விற்பனை ஆதாயத்தைக் காட்டும் 8949 படிவத்தில் அடக்கவிலை பங்குக்கு 200 என்று திருத்த வேண்டும். இந்தக் குறிப்பு கையேட்டில் கண்டிப்பாக இருக்கட்டும், சொல் எதுவானாலும்.

சான் ஹோசேயிலிருந்து:

‘கனிதல்’ என்று ஒருவரும் சொல்லவில்லையே! கலிபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தவருக்கு இதைவிடத் தெளிவான சொல் கிடையாது. அளிப்பு நாளிலிருந்து வெஸ்டிங் நாள் வரை மொத்தம் 500 வேலைநாள், அதில் 250 நாள் சான் ஹோசேயில் வேலை என்றால், அந்த 20,000-இல் பாதியைக் கலிபோர்னியா தன் மாநில வருமானமாகக் கணக்கிடும். ஆஸ்டினில் வீடு வாங்கியிருந்தாலும், வெளிமாநிலத்தவர் கலிபோர்னியாவுக்குப் போடும் 540என்ஆர் படிவம் போட்டாக வேண்டும். பழம் பறிக்கும் நாள் ஒன்று, ஆனால் எந்த ஊர் வெயிலில் கனிந்தது என்பதுதான் கேள்வி. ‘கனியிருப்பக் காய்கவர்ந்தற்று’ என்பது போல, அளிப்பு காய், வெஸ்டிங் கனி.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உவமை அழகு. ஆனால் கனிதல் பல நாள் நடப்பது. வரிக்கு ஒரு தேதி வேணும். ‘கனிவு நாள்’ என்றால் யாரோ இரக்கப்பட்ட நாள் மாதிரியும் இருக்கு. வெங்காயத்துக்குப் பதில்: பிழை சொல்லில் இல்லை. உரித்தல் வேறு, உரித்தாதல் வேறு. தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே உரியியல் என்று பெயர். அதைப் படிக்கும் ஒருவரும் தோலை நினைப்பதில்லை.

கோவையிலிருந்து:

உறுபேற்றைத் திரும்பப் பெறுகிறேன், மனமில்லாமல்தான். அட்டையில் ‘வரியில்லா மாநிலம்’ என்று இருப்பதையும் மாற்றுங்கள். சுங்கம் தவிர்த்த குலோத்துங்கச் சோழன் நிலவரியை விட்டுவிடவில்லை. அவன் காலத்திலேயே நிலம் அளக்கப்பட்டது. டெக்சஸும் அப்படித்தான். தனிநபர் வருமான வரிக்கு 2019-இல் அரசமைப்பிலேயே தடை போட்டார்கள். வீட்டுவரி மட்டும் கனம், விற்பனை வரியும் பல நகரங்களில் 8.25 விழுக்காடு. கூட்டரசு வரியில் கழிவு கோரும்போது மாநில வருமான வரிக்குப் பதில் விற்பனை வரியைக் காட்டலாம் என்பதையும் சேருங்கள். வீட்டுவரியோடு கூட்டி 2025-க்கு உச்சம் 40,000 டாலர். 5 லட்சம் டாலர் வருமானத்துக்கு மேல் அது குறையும். கணக்குக் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் நிலையான கழிவே அந்த ஆண்டுக்கு 31,500 என்பதால், வீட்டுக்கடன் வட்டியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். தலைப்பு: ‘மாநில வருமான வரியில்லா மாநிலம்’. நீளம்தான், ஆனால் உண்மை.

ஆஸ்டினிலிருந்து:

நேரமாகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்து உரித்தாதலுக்கு ஐந்து பேர், வெஸ்டிங்குக்கு மூவர், கனிதலுக்கு ஒருவர். முதல் இடத்தில் ‘வெஸ்டிங் எனப்படும் உரித்தாதல்’, பிறகு உரித்தாதல் மட்டும். துண்டு விழாமல் இருக்க இந்த வழியும் சேர்கிறது: நிறுவனத்திடம் கொடுக்கும் டபிள்யூ-4 பிடித்தப் படிவத்தின் 4(சி) கட்டத்தில் கூடுதல் பிடித்தம் கேட்கலாம், அல்லது ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-இல் தவணை கட்டலாம். போன ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியவர், அந்த ஆண்டு வரியில் 110 விழுக்காட்டை உரிய தேதிகளில் கட்டிவிட்டால் தண்டம் இல்லை. பிடித்தமும் அதில் சேரும்.

சான் ஹோசேயிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பங்குச்சந்தைக்கு வராத நிறுவனங்கள் பலவற்றில் பங்கு கைக்கு வர இரண்டு பூட்டு உண்டு: பணிக்காலம் ஒன்று, நிறுவனம் சந்தைக்கு வருவதோ விற்கப்படுவதோ இன்னொன்று. நான்கு ஆண்டு வேலைபார்த்து முதல் பூட்டைத் திறந்தவருக்கு இன்னும் வரி இல்லை. இரண்டாவது திறக்கும் நாளில் நான்கு ஆண்டுப் பங்கும் ஒரே ஆண்டின் சம்பளமாக ஏறும். இரண்டும் திறந்தால்தான் உரித்தாதல் என்கிறீர்கள், சரி. முதல் பூட்டு மட்டும் திறந்த பங்குக்கு என்ன பெயர்?