பழைய ஸ்விங் சாம்பிளும் ஹவுஸ் பீட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

தாளப்பித்து:
வணக்கம். ஆறு மாதமாக எலெக்ட்ரோ ஸ்விங் செய்து பார்க்கிறேன், அதாவது பழைய ஸ்விங் ஜாஸ் பதிவிலிருந்து வெட்டிய துண்டை (சாம்பிள்) ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையின் பீட்டோடு சேர்ப்பது. இந்த வகையில் பெயர் பெற்ற பாரோவ் ஸ்டெலார், கேரவன் பேலஸ் எல்லாம் கேட்டுக் கேட்டு வந்த ஆசை. 1930களின் ஸ்விங் பதிவு ஒன்றில் எட்டு பார் (ஒரு பார் என்பது நாலு அடி) கிளாரினெட்டை வெட்டி எடுத்தேன். அதன் வேகம் 118 பிபிஎம் (நிமிடத்துக்கு 118 அடி), அதை 125க்கு இழுத்து, கீழே நாலு அடியிலும் கிக் (பெரிய டிரம் ஒலி), அடிகளுக்கு நடுவில் ஹை-ஹேட் (ஜோடி சிம்பல் ஒலி) வைத்தேன். சுருதி சரியாக இருக்கிறது, வேகமும் சரி, ஆனாலும் பக்கத்து அறையில் யாரோ வேறு பாட்டு போட்ட மாதிரி இரண்டும் தனித்தனியாகவே கேட்கிறது. இரண்டு வாரமாக ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவை) மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன், பலனில்லை. இந்தப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இதை எப்படியாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

நடைபேஸ்:
ஈக்யூவை விடுங்கள், சிக்கல் உங்கள் ஹை-ஹேட்டில் இருக்கிறது. 125 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 480 மில்லி விநாடி. ஹவுஸில் நடு ஹேட் சரிபாதியில், அதாவது 240ல் விழும். ஸ்விங் வாசிப்பவர் அடியைச் சரிபாதியாகப் பிரிக்க மாட்டார், முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. மூன்று பங்கில் இரண்டு பங்கு என்று வைத்தால் அவருடைய நடுச் சுரம் 320ல் வரும். இடையில் 80 மில்லி விநாடி! அடிக்கு ஒருமுறை இரண்டும் உரசிக்கொண்டே போனால் எப்படி ஒட்டும்?

இரண்டு வழி இருக்கிறது. ஹேட்டுக்கு ஸ்விங் கொடுக்கலாம், அதாவது அதைச் சரிபாதியிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளலாம். ரோஜர் லின் வடிவமைத்து 1988ல் வந்த எம்பிசி 60 என்ற தாள இயந்திரத்தின் காலத்திலிருந்தே இதைச் சதவீதமாகத்தான் சொல்வார்கள், 50 என்றால் நேர், 66 என்றால் மூன்றில் இரண்டு. 58லிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே காதால் கேளுங்கள், 66 வரை போகவேண்டிய அவசியம்கூட வராமல் போகலாம். இன்னொரு வழி எனக்கு மிகப் பிடித்தது. 240, 250 பிபிஎம்மில் பறக்கும் பாட்டாகத் தேடி எடுத்து, அதைப் பாதி வேகமாக எண்ணுங்கள். அப்போது அவர்களுடைய முழு அடியே உங்களுடைய நடு ஹேட்டாகிவிடும், கிக் அவர்களுடைய ஒன்றிலும் மூன்றிலும் விழும், மோதலே இருக்காது. அவ்வளவு வேகத்தில் வாசிக்கும்போது நீளமும் குட்டையும் கொஞ்சம் சமமாகிவிடும் என்பதும் நமக்கு வசதி.

மெழுகுத்தட்டு:
மேலே சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒன்று: வார்ப் செய்யும்போது, அதாவது பதிவை வேறு வேகத்துக்கு இழுக்கும்போது, ஒவ்வொரு அடியையும் பிடித்து நிறுத்தப் புள்ளி வைத்தீர்களா? வைத்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு பாருக்கு ஒன்று மட்டும் வையுங்கள். அந்தக் காலத்தில் மெட்ரோனோம் போட்டுக்கொண்டு பதியவில்லை, எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தார்கள், வேகம் லேசாக ஏறும் இறங்கும், அந்த மூச்சுக்காகத்தானே நாம் அந்த இசைத்தட்டைத் தேடிப் போகிறோம்.

அப்புறம் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. 1925க்கு முன் மைக் இல்லை, ஒலியை வாங்கும் பெரிய குழலுக்கு முன்னால் நின்றுதான் வாசிக்க வேண்டும். பெரிய டிரம்மைப் பலமாக அடித்தால் மெழுகில் கீறுகிற ஊசி துள்ளிவிடும் என்று பல பதிவுகளில் அதைத் தவிர்த்துவிட்டு மரக்கட்டையைத் தட்டினார்கள். மைக் வந்த பிறகும் கீழ் ஒலி மெலிவுதான். ஆகவே உங்கள் கிக்குக்கு அங்கே இடம் காலியாகவே இருக்கிறது, சாம்பிளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை தைரியமாக வெட்டுங்கள், பெரும்பாலும் தட்டின் உறுமல்தான் போகும். வெட்டிய இடத்தில் அந்த பேஸ் வாசிப்பவர் அடிக்கு ஒன்றாக வாசித்துப் போன அதே சுரங்களைப் புதிதாக ஒரு சிந்தில் (மின்னணு வாத்தியத்தில்) வாசித்து வைத்துப் பாருங்கள்.

தட்டின் கரகரப்பை மட்டும் கவனியுங்கள். லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டில்) ஒரே "டிக்" சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் காது உடனே பிடித்துவிடும். லூப்பைச் சுத்தம் செய்துவிட்டு, லூப் செய்யாத நீளமான கரகரப்பை முழுப் பாட்டுக்கும் அடியில் மெலிதாக ஓட விடுங்கள்.

நடைபேஸ்:
கரகரப்பில் எனக்கு மாற்றுக் கருத்து. அதை மேலே தூவுவது ஒரு ஒப்பனை, வேண்டாம். பிரெஞ்சு இசைக்கலைஞர் செயின்ட் ஜெர்மைன் 2000ல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தில் வெளியிட்ட ஆல்பத்தைக் கேளுங்கள், பீட் இயந்திரம், அதன்மேல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மனிதர்கள் நேராக வாசித்தது, பழமை அந்த வாசிப்பிலிருந்து வருகிறது. பாரோவ் ஸ்டெலாரும் மேடையில் ஊதுபவர்களோடுதான் நிற்கிறார். சாம்பிள் ஒரு வாக்கியம் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல உயிருள்ள ஒரு வாத்தியம் வேண்டும். தெரிந்த ஒருவரை நாலு பார் ஊதச் சொல்லுங்கள், பாட்டு மாறிவிடும்.

கோப்புக்காரன்:
வெளியிடுகிற எண்ணம் இருந்தால் உரிமையையும் பாருங்கள். பாட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறொரு உரிமை, இரண்டும் தனி. அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு 100 ஆண்டு, ஆக உங்கள் 1930கள் பதிவு அங்கே இன்னும் பூட்டிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவுக்கு வெளியானதிலிருந்து 70 ஆண்டு, ஆனால் பாட்டின் உரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீளும். பழசுதானே என்று நினைத்துப் போட்டு, பாட்டு நீக்கப்பட்டு, ஒரு வருட உழைப்பு போனவன் நான்.

தாளப்பித்து:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஹேட்டை 61க்கு ஏற்றினேன், வார்ப் புள்ளிகள் முப்பத்திரண்டில் நாலை மட்டும் விட்டேன். கிளாரினெட் கிக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது! கரகரப்பு போட்டும் போடாமலும் கேட்டேன், இப்போதைக்குப் போடவில்லை. உரிமை விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, இதைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெளியிட வேறு பதிவு தேடுகிறேன். டிரம்பெட் வாசிக்கும் நண்பர் ஒருவர் ஞாயிறு வருகிறார், நாலு பார் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.